இடர்ப்பொழுதில் மனித மனம்

நுழையுமுன்

தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவை பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இயற்கையின் சீற்றத்தையே பேசுகிறோம். அந்நேரத்தில் மனிதர் என்ன செய்கின்றனர், ஏன் அவ்வாறு செய்கின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

குளத்து மீன்கள் மூன்று

ஒரு குளத்தில் மூன்று மீன்கள் வாழ்ந்தன. மறுநாள் அங்கு வலைவீசப் போவதாக மீனவர் பேசிக்கொண்டதை மூன்றும் கேட்டன. முதல் மீன் அன்றிரவே வாய்க்கால் வழியாக வேறொரு குளத்திற்குச் சென்றுவிட்டது. இரண்டாம் மீன் வலையில் அகப்பட்ட பின்னர்ச் செத்ததுபோல் கிடந்தது. கரையில் எறியப்பட்டதும் துள்ளி நீருக்குள் பாய்ந்து தப்பியது. மூன்றாம் மீனோ, 'வருவது வரட்டும்' என்று வாளாவிருந்து மாண்டது.

பஞ்சதந்திரத்தில் வரும் இக்கதையைப் பலரும் அறிவர். 'வருமுன் காப்போன்' என்னும் தொடரும் இதனோடு சேர்த்தே நினைவுக்கு வருவது. ஆயினும் கதையில் நாம் எளிதில் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. மூன்று மீன்களும் கேட்டது ஒரே எச்சரிக்கை. செய்தி கிடைக்காததால் எந்த மீனும் சாகவில்லை. கேட்ட செய்தியைச் செயலாக மாற்றியதில்தான் வேறுபாடு.

மனிதருள்ளும் இவ்வாறு மூவகையினர் பிறவியிலேயே உளரா? அஞ்சாதவர், அஞ்சுபவர், அசையாதவர் என்று பிரித்துவிட முடியுமா? பேரிடர்களை ஆராய்ந்தோர் கண்ட உண்மை வேறு. ஒரே மனிதர் ஓரிடத்தில் மூன்றாம் மீனாகவும் மற்றோரிடத்தில் முதல் மீனாகவும் இருக்கக்கூடும். அவர் எதை முன்பே அறிந்திருந்தார், எதைப் பழகியிருந்தார் என்பதே அதனைப் பெரிதும் முடிவு செய்கிறது.

உடல் தரும் முதல் விடை

இடரைக் கண்டதும் முதலில் விடை தருவது அறிவன்று, உடலே. மூளையின் உட்பகுதியில் வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்னும் சிறு பகுதி உள்ளது. அச்சந்தரும் காட்சியையோ ஒலியையோ உணர்ந்தவுடன் அது உடலை உசுப்புகிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, கைகால் தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாய்கிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன், எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தமே இது என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கினார்.

போரிடுதல், ஓடுதல் ஆகிய இரண்டோடு மூன்றாவது ஒன்றும் உண்டு. அதுவே உறைந்து நிற்றல். புதருக்குள் பதுங்கும் முயலைப்போல மனிதரும் சில நொடிகள் அசைவற்று நின்றுவிடுவர். இது கோழைத்தனமன்று, உயிர்களுக்கு இயல்பாக அமைந்த தற்காப்பு.

இந்த ஆயத்தத்திற்கு ஒரு விலையும் உண்டு. பேரச்சத்தில் கவனம் ஒரே புள்ளியில் குவிகிறது. பக்கத்தில் இருக்கும் மாற்று வழி கண்ணில் படுவதில்லை. பல வழிகளை ஒப்பிட்டு நல்லதைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் குறைகிறது. ஆனால், பலமுறை செய்து கைவந்த செயல்கள் அவ்வேளையிலும் எஞ்சி நிற்கின்றன. மிதிவண்டி ஓட்டப் பழகியவர் ஒவ்வொரு மிதியையும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதுபோலவே, பழகிய செயலுக்குப் புதிய சிந்தனை தேவைப்படுவதில்லை. ஒத்திகைகள் பயன் தருவதன் அடிப்படை இதுவே.

'ஒன்றும் ஆகாது' என்னும் எண்ணம்

திரைப்படங்களில் இடர் வந்தவுடன் மக்கள் கூச்சலிட்டு நாற்புறமும் ஓடுவர். உண்மையில் பல இடங்களில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. மக்கள் தாமதிக்கின்றனர். அபாய மணி ஒலித்தால், 'யாரோ தவறுதலாக அழுத்தியிருப்பர்' என்கின்றனர். வெள்ளம் வருகிறது என்றால், 'போன முறையும் இப்படித்தான் சொன்னார்கள்' என்கின்றனர். புறப்பட முடிவு செய்த பின்னும் பையைத் தேடுகின்றனர். யாரிடமாவது கேட்டு உறுதி செய்துகொள்ள விரும்புகின்றனர்.

இதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. நேற்றுப்போலவே இன்றும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது மனத்தின் இயல்பு. அந்த எதிர்பார்ப்பு இல்லையெனில் அன்றாட வாழ்வே நடவாது. ஆனால், அதே இயல்பு இடர்ப்பொழுதில் அரிய நேரத்தைத் தின்றுவிடுகிறது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் இந்திய நேரப்படி காலை ஏறத்தாழ 6.29 மணிக்குச் சுமத்ரா தீவின் அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அளவு 9.1. அங்கிருந்து புறப்பட்ட ஆழிப்பேரலைகள் தமிழகக் கடற்கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. ஆனால், அந்த இரண்டு மணி நேரம் பெரும்பாலோருக்குப் பயன்படவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் அப்போது இல்லை. சுனாமி என்னும் சொல்லையே பலர் அதற்குமுன் கேட்டதில்லை. அலைகளுக்கிடையே கடல் வெகுதொலைவு உள்வாங்கியபோது, அதனைப் புதுமையாகக் கண்டு கரையில் நின்று பார்த்தவர் உண்டு. அவர்கள் அறிவிலிகள் அல்லர். அக்காட்சியின் பொருளை அவர்களுக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

பிறர் முகம் பார்த்தல்

தாமதத்திற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஐயம் எழும்போது மனிதர் பிறர் முகத்தைப் பார்க்கின்றனர். இதனை ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. அமெரிக்க உளவியலாளர்களான பிப் லட்டானேயும் ஜான் டார்லியும் 1968இல் அதனை வெளியிட்டனர்.

மாணவர் ஒருவர் ஓர் அறையில் அமர்ந்து வினாத்தாள் ஒன்றை நிரப்பிக்கொண்டிருப்பார். சிறிது நேரத்தில் சுவரிலுள்ள துளை வழியாக அறைக்குள் புகை வரத் தொடங்கும். தனியாக இருந்தவர்களுள் நால்வரில் மூவர் எழுந்து வெளியே சென்று செய்தியைத் தெரிவித்தனர். வேறு சிலருக்கு இதே சோதனை வேறு வகையில் நடத்தப்பட்டது. ஆய்வாளர் சொற்படி எதையும் பொருட்படுத்தாமல் எழுதிக்கொண்டிருக்கும் இருவர் உடன் அமர்த்தப்பட்டனர். அவ்வேளையில் பத்துப் பேரில் ஒருவர் மட்டுமே எழுந்து சென்று சொன்னார். மற்றவர்கள் இருமினர், கண்ணைக் கசக்கினர், புகையைக் கையால் விலக்கிவிட்டு மீண்டும் எழுதினர்.

அவர்கள் அஞ்சாதவர்கள் என்பதா இதன் பொருள்? அன்று. 'மற்றவர்கள் அமைதியாக இருக்கின்றனர். ஆகவே இது இடராக இருக்காது' என்று ஒவ்வொருவரும் முடிவு செய்தனர். ஒரு கூட்டத்தில் எல்லோரும் இவ்வாறு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் எவருமே எழமாட்டார். எழுந்தால் பிறர் நகைப்பரோ என்னும் நாணமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது.

இதன் மறுபக்கம் நம்பிக்கை தருவது. அசையாதவரைப் பார்த்து அசையாதிருப்போர், எழுபவரைப் பார்த்தால் எழுவர். முதலில் எழும் ஒருவர் தம் உயிரை மட்டும் காத்துக்கொள்வதில்லை. மற்றவர் எழுவதற்குத் தடையாக நின்ற தயக்கத்தையும் அவர் உடைத்துவிடுகிறார்.

பீதியா, பூட்டிய வழியா?

பெருவிபத்து நிகழ்ந்த மறுநாள், 'மக்கள் பீதியடைந்து ஓடியதால் பலர் இறந்தனர்' என்னும் செய்தியை அடிக்கடி காண்கிறோம். மக்கள் அறிவிழந்து ஒருவரையொருவர் தள்ளி ஓடுவது நிகழாததன்று. ஆனால், நாம் நினைப்பதைவிட அரிது என்பதே பேரிடர் ஆய்வாளர் பலரின் முடிவு. ஓடுவோரிற் பலர் அறிவிழந்து ஓடுவதில்லை. தீயிலிருந்து வெளியேற ஓடுவது அறிவுடைய செயலே. வழி திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

1997 ஜூன் 13ஆம் நாள் தில்லியில் உப்ஹார் திரையரங்கில் தீப்பற்றியது. கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்த மின்மாற்றியில் தோன்றிய தீயின் புகை மேலேறி, மாடி இருக்கைகள் இருந்த பகுதியை நிறைத்தது. அங்கே கூடுதல் இருக்கைகள் போடப்பட்டிருந்ததால் வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. 59 பேர் இறந்தனர். பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது தீயன்று, புகை. இவ்விபத்தில் பார்வையாளரின் பதற்றத்தைக் குறை கூறுவது எவ்வாறு பொருந்தும்?

ஆகவே, 'பீதி' என்னும் சொல்லை நாம் கவனத்துடன் கையாள வேண்டும். அடைத்த வாயில், ஒளியற்ற படிக்கட்டு, ஒலிக்காத அபாய மணி, அளவுக்கு மீறிய கூட்டம் ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்களை அச்சொல் மறைத்துவிடக்கூடும். பீதிக்கு அஞ்சி உண்மையை மறைப்பதும் தீங்கே. 'சொன்னால் மக்கள் பதறுவர்' என்று எச்சரிக்கையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நிமிடமும் தப்பிச் செல்வதற்கான நேரத்திலிருந்து கழிகிறது. தெளிவான செய்தியும் திறந்த வழியும் இருந்தால் மக்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே வெளியேறுகின்றனர்.

அறிந்தவர் ஒருவர் போதும்

அதே 2004 டிசம்பர் 26இல், அறிவு உயிர் காத்த நிகழ்வுகளும் உண்டு. நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது இந்தோனேசியாவின் சிமிலூ தீவு. அங்கு 1907இல் ஓர் ஆழிப்பேரலை வந்து பலரைக் கொன்றிருந்தது. அத்தீவினர் அதனை மறக்கவில்லை. அவ்வலைக்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டனர். நிலம் வலுவாக ஆடி, பின்னர்க் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓட வேண்டும் என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 97 ஆண்டுகள் கழித்து நிலம் ஆடியபோது, ஸ்மோங் என்னும் ஒரே சொல் ஊரெங்கும் ஒலித்தது. மக்கள் குன்றுகளில் ஏறினர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவர் என்று கூறப்படுகிறது. அங்கே எச்சரிக்கைக் கருவி எதுவும் இல்லை. பாட்டியரின் சொல்லே கருவியாயிற்று.

தாய்லாந்தின் புக்கெட் தீவிலிருந்த மைக்காவ் கடற்கரைக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு குடும்பம் விடுமுறைக்கு வந்திருந்தது. அக்குடும்பத்தின் பத்து வயதுச் சிறுமி டில்லி ஸ்மித், கடல்நீர் வழக்கத்திற்கு மாறாக நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கேட்ட செய்தி அவளுக்கு நினைவு வந்தது. பெற்றோரிடம் வற்புறுத்திச் சொன்னாள். விடுதிப் பணியாளர்களுக்கு அச்செய்தி எட்டியது. கரையில் இருந்தவர்கள் அகற்றப்பட்டனர். ஏறத்தாழ நூறு பேர் உயிர் பிழைத்தனர். வகுப்பில் கேட்ட பாடம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடவில்லை.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு என்னும் மீனவர் ஊருக்கு அன்று காலை சிங்கப்பூரிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் அவ்வூரைச் சேர்ந்த இளைஞர். தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்த அவர், ஊரை விட்டு உடனே வெளியேறுமாறு சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் ஒரு தகவல் மையத்தை முன்பே அமைத்திருந்தது. கடலின் நிலையும் மீன் விலையும் அங்கிருந்து ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவிக்கப்படும். அன்று எச்சரிக்கையும் அதே ஒலிபெருக்கியில் ஒலித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் தப்பினர்.

இம்மூன்று நிகழ்வுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஓரிடத்தில் முன்னோர் சொன்ன கதை, மற்றோரிடத்தில் பள்ளிப்பாடம், பிறிதோரிடத்தில் ஒலிபெருக்கி. வடிவம் வேறாயினும் பொது உண்மை ஒன்றே. மக்கள் தமக்குப் பழக்கமான குரல் சொன்னதை நம்பினர். முன்பின் அறியாத குரலாயின், நம்பலாமா என்று விவாதித்துக்கொண்டிருந்திருப்பர்.

ஒடிசா கற்ற பாடம்

அறிவு தனியொருவரிடம் இருந்தால் சில நூறு உயிர்கள் பிழைக்கும். ஒரு மாநிலமே அதனைப் பழகிக்கொண்டால் என்ன நிகழும் என்பதற்கு ஒடிசா சான்று.

1999 அக்டோபர் 29ஆம் நாள் பாராதீப்பை ஒட்டிய கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். கடல்நீர் ஊருக்குள் புகுந்தது. ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எரசமா பகுதி பேரழிவைக் கண்டது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். புயல் வருகிறது என்னும் எச்சரிக்கை வெளியிடப்பட்டிருந்தது. ஆயினும் எங்கே செல்வது என்பது பலருக்குத் தெரியாது. செல்வதற்கு உறுதியான கட்டடங்களும் போதிய அளவில் இல்லை. வீட்டையும் மாட்டையும் விட்டுப் போக மனமில்லாதவர் பலர். புயலைப் பலமுறை பார்த்தவர்கள் இதுவும் அவற்றுள் ஒன்று என்றே எண்ணினர்.

அதே ஆண்டிலேயே பேரிடர் மேலாண்மைக்கெனத் தனி அமைப்பை ஒடிசா உருவாக்கியது. அடுத்த ஆண்டுகளில் கடலோரம் எங்கும் உயரமான தூண்களின் மேல் புயல் காப்பகங்கள் எழுந்தன. அவற்றுள் பல, மற்ற நாள்களில் பள்ளிக்கூடங்களாகவும் ஊர்க்கூட்ட மன்றங்களாகவும் விளங்குகின்றன. தன் பிள்ளை நாள்தோறும் படிக்கும் கட்டடத்திற்குச் செல்வதில் தாய்க்குத் தயக்கம் இருப்பதில்லை. ஊர்தோறும் இளைஞர் குழுக்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. முதியோரையும் கருவுற்றோரையும் முதலில் அழைத்துச் செல்வது, கட்டிய மாடுகளை அவிழ்த்துவிடுவது, முதலுதவி செய்வது ஆகியவற்றை அவர்கள் கற்றனர். ஆண்டுதோறும் ஒத்திகைகள் நடைபெற்றன.

2013 அக்டோபர் 12இல் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 2019 மே 3இல் ஃபானி புயல் பூரி அருகே கரையைக் கடந்தபோதும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னரே வெளியேறியிருந்தனர். இரு புயல்களிலும் வீடுகளும் மரங்களும் பெருமளவில் அழிந்தன. ஆனால், மாநிலத்தில் இறந்தோர் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் நூற்றுக்கும் கீழே நின்றது.

பைலின் வந்தது பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர். அக்கடற்கரையில் வாழ்ந்தோர் பெரும்பாலும் அதே மக்களும் அவர்தம் பிள்ளைகளும்தாம். அவர்களின் இயல்பு மாறிவிடவில்லை. வீட்டை விட்டுப் போக 2013இலும் மனம் வருந்தியது. மாட்டைப் பற்றிய கவலையும் இருந்தது. மாறியவை வேறு. எங்கே செல்வது என்பது தெரிந்திருந்தது. வந்து அழைத்தவர் அடுத்த தெரு இளைஞர். பக்கத்து வீட்டார் புறப்படுவது கண்ணில் பட்டது. மூன்றாம் மீனை முதல் மீனாக மாற்றியது அறிவுரை மட்டுமன்று. முன்கூட்டியே அமைத்த வாய்க்காலும் ஆகும்.

சுரங்கத்துள் பதினேழு நாள்கள்

எல்லா இடரும் ஓடித் தப்பக்கூடியதாய் இராது. சிலவற்றில் காத்திருத்தலே பெரும்பணி. அதற்கும் ஒரு வகை ஆற்றல் வேண்டும்.

2023 நவம்பர் 12, தீபாவளி நாளின் அதிகாலை. உத்தராகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்தில், சில்க்யாராவில் அமைக்கப்பட்டுவந்த சாலைச் சுரங்கத்தின் ஒரு பகுதி இடிந்தது. உள்ளே 41 தொழிலாளர் அடைபட்டனர். அவர்கள் ஜார்க்கண்ட், பீகார், உத்தரப்பிரதேசம், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் எனப் பல மாநிலங்களிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். வெளிவாயிலுக்கும் அவர்களுக்கும் இடையே ஏறத்தாழ 60 மீட்டர் இடிபாடு. ஒரு சிறு குழாய் வழியாகக் காற்றும் பொரியும் உலர்ந்த பருப்புகளும் அனுப்பப்பட்டன. ஒன்பதாம் நாளில்தான் சற்றுப் பெரிய குழாயைச் செலுத்தி, சமைத்த உணவை அனுப்ப முடிந்தது.

உள்ளிருந்தோர் தம் நாளைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொண்டனர். சுரங்கத்தின் உட்பகுதியில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்கு இடம் இருந்தது. அங்கே நடந்தனர், யோகப் பயிற்சி செய்தனர், விளையாடினர், குழாய் வழியே குடும்பத்தாரிடம் பேசினர். அவர்களுள் மூத்த மேற்பார்வையாளர் ஒருவர் இளையோரைத் தேற்றினார். எல்லோரும் சென்ற பின்னரே தாம் வெளியேறப் போவதாக உறுதி கூறினார். நேரம் கழியாத இடத்தில் நேரத்தைப் பகுத்துக்கொள்வதும், தன்னை மறந்து பிறரைத் தேற்றுவதும் மனத்தைத் தளராமல் காக்கின்றன. திருக்குறளில் 'இடுக்கண் அழியாமை' என்னும் தனி அதிகாரமே உண்டு. அத்தலைப்புக்கு இத்தொழிலாளர் நல்ல விளக்கம்.

வெளியே துளையிடும் பெரும் எந்திரம் இடிபாட்டிலிருந்த இரும்பில் சிக்கி உடைந்தது. இறுதிச் சில மீட்டர்களைக் கையாலேயே தோண்டியவர்கள், எலிவளைபோல் குறுகிய சுரங்கம் தோண்டிப் பழகிய எளிய தொழிலாளர்கள். நவம்பர் 28 மாலை 41 பேரும் உயிருடன் வெளிவந்தனர்.

முன்பின் அறியாதவருக்காக மனிதர் இவ்வாறு உழைப்பது இடர்ப்பொழுதின் மற்றோர் உண்மை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, கடலோர மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றனர். பல்லாயிரம் பேரை அவர்கள் மீட்டனர். பெரும்பாலான பேரிடர்களில் முதல் உதவி அரசு ஊர்தியில் வருவதில்லை. அது பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது.

பள்ளியும் ஒத்திகையும்

2011 மார்ச் 11இல் ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. கமாய்ஷி நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர், காணாமற் போயினர். ஆனால், அந்நகரின் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் பயின்ற ஏறத்தாழ 3,000 மாணவருள் மிகச் சிலரைத் தவிர அனைவரும் பிழைத்தனர். பேராசிரியர் தோஷித்தாக்கா கத்தாதா அப்பள்ளிகளில் முன்பே பல ஆண்டுகள் பயிற்சி அளித்திருந்தார். அவர் கற்பித்த நெறிகள் மூன்று: முன்கணிப்பை முழுமையாக நம்பாதே, அந்நேரத்தில் இயன்ற அனைத்தையும் செய், முதலில் ஓடுபவனாக நீ இரு.

மூன்றாம் நெறி தன்னலம்போல் தோன்றும். உண்மையில் அது பொதுநலம். கடலருகே இருந்த நடுநிலைப்பள்ளி மாணவர்கள் அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடினர். அவர்களைக் கண்ட அருகிலிருந்த தொடக்கப்பள்ளியினரும் பின்தொடர்ந்தனர். பெரிய மாணவர் சிறுவரின் கையைப் பற்றிக்கொண்டனர். ஓடும் பிள்ளைகளைப் பார்த்து ஊராரும் புறப்பட்டனர். குறித்த இடத்தை அடைந்த பின்னும் அது போதிய உயரமன்று என்று கருதி மேலும் ஏறினர். அவ்விரு பள்ளிக் கட்டடங்களையும் அலை மூழ்கடித்தது. புகை நிறைந்த அறையில் எவரும் எழாததற்கும் இங்கே எல்லோரும் ஓடியதற்கும் காரணம் ஒன்றே: மனிதர் பிறரைப் பார்த்துச் செயல்படுகின்றனர். இங்கே முதலில் எழ வேண்டியவர் யார் என்பது முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தது.

நம் பள்ளிகளிலும் ஒத்திகைகள் நடைபெறுகின்றன. நிலநடுக்கம் என்றால் குனிந்து, மேசைக்கடியில் புகுந்து, அதன் காலைப் பற்றிக்கொள்ளக் கற்பிக்கின்றனர். தீ என்றால் வரிசையாக வெளியேறச் சொல்கின்றனர். புகை சூழ்ந்தால் தரையை ஒட்டித் தவழ்ந்து செல்ல வேண்டும். ஏனெனில் சூடான புகை மேலே நிற்கும், மூச்சுவிடத்தக்க காற்று கீழே இருக்கும். மின்தூக்கியில் ஏறலாகாது. இந்தியா முழுவதற்கும் பொதுவான அவசர அழைப்பு எண் 112.

இவற்றை அறியாத மாணவர் இன்று குறைவு. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒத்திகை மணி ஒலித்ததும் சிலர் சிரிக்கின்றனர், பேசிக்கொண்டே நடக்கின்றனர், பாடவேளை ஒன்று குறைந்தது என்று மகிழ்கின்றனர். அப்போது அவர்கள் எதையும் பழகவில்லை என்று நினைத்தல் தவறு. மணி ஒலித்தால் சிரிக்கலாம், தாமதிக்கலாம் என்பதை அவர்கள் பழகுகின்றனர். உண்மையான இடரில் உடல் பழகியதைத்தான் செய்யும்.

ஆதலால், புதிய இடத்திற்குள் நுழையும்போது வெளியேறும் வழி எது என்று ஒருமுறை பார்த்தல் நன்று. வீட்டில் அனைவரும் பிரிந்துவிட்டால் எங்கே கூடுவது என்று பேசி வைத்தல் நன்று. பாட்டியும் பச்சிளங் குழந்தையும் இருந்தால் யார் யாரைத் தூக்குவது என்பதையும் முடிவு செய்துகொள்ளலாம். இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. சில நிமிடங்கள் போதும். இடர் வரும் நேரத்தில் சிந்திக்கக் கிடைக்காத நிமிடங்களை இன்றே செலவிட்டு வைப்பதுதான் ஆயத்தம்.

சொல்லும் பொருளும்

வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாதிருத்தல்
இடுக்கண் – துன்பம்
ஆழிப்பேரலை – சுனாமி
பீதி – பேரச்சம்
ஒத்திகை – முன்பயிற்சி
ஆயத்தம் – முன்னேற்பாடு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மூன்று மீன்களும் கேட்ட செய்தி யாது?
2. 'ஸ்மோங்' என்னும் சொல் எதனைக் குறித்தது?
3. சில்க்யாரா சுரங்கத்தில் அடைபட்டோர் தம் நாள்களை எவ்வாறு கழித்தனர்?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. புகை நிறைந்த அறையில் பலர் எழாததற்கும் கமாய்ஷி மாணவர் ஓடியதற்கும் உள்ள தொடர்பை விளக்குக.
2. ஒடிசாவில் 1999க்கும் 2013க்கும் இடையே மாறியவை எவை? மாறாதவை எவை?

இ. பிரித்து எழுதுக.
முன்கூட்டியே, புதுமையாகக் கண்டு, பேரச்சம், தற்காப்பு

ஈ. செயல்பாடு
நீங்கள் வாழும் ஊரில் எவ்வகை இடர் வரக்கூடும் என்று வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டறிக. அவர்கள் நேரில் கண்ட நிகழ்வு ஒன்றைப் பத்து வரிகளில் எழுதுக. அந்நேரத்தில் முதலில் செயல்பட்டவர் யார், அவரைப் பார்த்துப் பிறர் என்ன செய்தனர் என்பதையும் குறிப்பிடுக.